வைத்தியப் பாடம்: இருதயத்தின் உள்ளே காட்டும் படம்



நம்முடைய மலை ஊழியத்தைத் தாங்கிவரும் சபைகளிலிருந்து ஒரே கேள்வி பலமுறை வந்திருக்கிறது. "பட்டணத்தில் இருதயத்தை சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்களே, அரியூர் நாட்டு மக்களுக்கும் அப்படி ஒரு கருவியை நாங்கள் வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்பதே அது. ஸ்திரீகள் ஐக்கியத்திலும் வாலிபர் சங்கத்திலும் இதற்கென்று காணிக்கை சேர்க்கச் சிலர் ஆயத்தமாயிருக்கிறார்கள். இந்த அன்புக்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். ஆயினும் பணம் சேர்க்குமுன், அந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது, யாருக்கு உதவும் என்பதைப் பங்காளர்கள் அறிந்திருப்பது நல்லது. ஆகையால் இந்த இதழின் வைத்தியப் பாடத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மலைக்காரருக்கு இருதய வியாதியா?

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று அரியூர் நாடு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்து மலையாளம் பேசுவார்கள் என்று நினைக்க வேண்டாம், மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்லுவார்கள், பேச்சு தமிழ்தான். மிளகு, காப்பி, அன்னாசி, பலா, மரவள்ளி இவைகளே இன்றைய பிழைப்பு.

இப்படி ஏறி இறங்கி உழைக்கிறவர்களுக்கு இருதய வியாதி எங்கிருந்து வரும் என்று பலர் கேட்கிறார்கள். 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியே எலியாபின் சரீர வளர்த்தியைப் பார்த்து ஏமாந்துபோகிறார் அல்லவா? நாமும் ஒல்லியான, தசை முறுக்கேறிய ஒரு மனிதரைக் கண்டால், இவருக்கு என்ன குறை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் 2004-ஆம் ஆண்டு வெளியான இன்டர்ஹார்ட் என்ற ஆராய்ச்சி வேறு கதை சொல்லுகிறது. 52 தேசங்களில் நடந்த அந்த ஆராய்ச்சியின்படி, நம்முடைய தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்துவிடுகிறது. மற்ற தேசத்தாருக்கு அது ஏறக்குறைய 59 வயதில் வருகிறது. புகையிலை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, இரத்தத்திலுள்ள கொழுப்பு இவைகளே எல்லா ஜாதியாருக்குள்ளும் முன்னணியில் நிற்கும் காரணங்கள். மலையேறி நடப்பது நல்லதுதான். ஆனால் நாள் முழுவதும் வாயில் அடக்கிய புகையிலையையும் ஒருநாளும் அளந்து பார்க்கப்படாத இரத்தக் கொதிப்பையும் நடை மாத்திரம் ஈடுசெய்துவிடாது. சாப்பாடும் மாறிவிட்டது. முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று விற்பனைக்கு விளையும் மரவள்ளி. வீட்டு அடுப்பில் வேகிறதோ தீட்டிய வெள்ளை அரிசி.

இந்த மலையில் வைத்தியம் தொடங்கிய நாட்களில் வியாதிகள் கண்ணுக்குத் தெரிந்தன. 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லின் அம்மையாரும் வாழவந்தியில் குடியேறினார்கள். ஐயா டாக்டர் அல்ல, ஏறக்குறைய ஒரு வருஷம் வெப்பமண்டல வைத்தியம் படித்தவர், அவ்வளவுதான். பல் பிடுங்குவார், புண் கழுவுவார். காலிலிருந்து வெளியே வரும் நரம்புச் சிலந்திப் புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுத்து எடுப்பார். அதோடு நிற்கவில்லை. அந்தப் புழு தண்ணீரின் வழியாய்ப் பரவுகிறது என்று அறிந்து, மக்கள் கிணற்று நீரில் கால் வைத்து இறங்காதபடி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் செய்தார், தண்ணீரை வடிகட்டிக் குடிக்கக் கற்றுக்கொடுத்தார். புழுவை இழுத்தது ஒருவருக்கு உதவியது, சுவர் ஊருக்கே உதவியது. 1929-இல் காய்ச்சலில் அவர் மரித்தார். அம்மையார் முதிர்வயதிலும் இந்த மலைகளை விடாமல் உழைத்து 1974-இல் காலமானார். இம்மலையில் சிறுவனாய் ஓடித்திரிந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

இன்றைய வியாதி காலிலிருந்து எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் உள்ளே பார்க்கும் படத்தைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

இசைத்தட்டுக் கம்பெனியில் பிறந்த கருவி

சாதாரண எக்ஸ்ரே படத்தில் முன்னும் பின்னும் உள்ள எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாய் விழுந்துவிடும். சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே செலுத்தி, கிடைத்த அளவுகளைக் கணக்குப்போட்டு, ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்பதுபோல உடலைக் காட்டுவது சி.டி. இதற்கான கணக்கைத் தென் ஆப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக் 1963-லும் 1964-லும் எழுதி வெளியிட்டார். அப்போது அதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். கருவியை உண்டாக்கியவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இன்ஜினீயர். அவர் வேலை பார்த்தது ஈ.எம்.ஐ. கம்பெனியில். நம் வீடுகளில் கிராமபோன் முன் நாய் உட்கார்ந்திருக்கும் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகள் இருந்தனவே, அவைகளோடு சம்பந்தப்பட்ட அதே கம்பெனி. 1971 அக்டோபரில் லண்டனில் ஒரு வியாதியஸ்தரின் மூளை முதன்முதலாக இப்படிப் படமெடுக்கப்பட்டது. 1979-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மூளை அசையாது, ஆகவே அந்த நாளின் மெதுவான கருவிக்கு அது போதுமானதாயிருந்தது. இருதயமோ நிமிஷத்துக்கு எழுபது முறை துள்ளுகிறது. அதன்மேல் ஓடும் இரத்தக்குழாய்களோ மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமே உடையவை. ஓடுகிற பிள்ளையைப் பழைய பெட்டிக் கேமராவில் பிடித்தால் படம் கலங்குமல்லவா, அதுபோலத்தான். ஒரே சுற்றில் 64 துண்டுகள் எடுக்கும் கருவிகள் 2004 வாக்கில் வந்தபின்புதான் இருதயப் படம் எல்லாருக்கும் பயன்படும் அளவுக்குத் தெளிந்தது.

மேஜையில் படுத்தால் என்ன நடக்கும்

அரியூர் நாட்டில் 52 வயதுள்ள ஒரு விவசாயியை எண்ணிக்கொள்வோம். மிளகு மூட்டையோடு மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது. உட்கார்ந்தால் சில நிமிஷத்தில் விட்டுவிடுகிறது. இரண்டு மாதமாக இப்படி. இ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. வாயுவாயிருக்கும் என்று வீட்டார் சுக்குக் கஷாயம் கொடுக்கிறார்கள். இவரைப் போன்றவர்களுக்கே இந்தப் படம் மிகவும் பயன்படும். சேலம், வேலூர் போன்ற இடங்களின் பெரிய மருத்துவமனைகளில் இதை எடுக்கிறார்கள்.

முதலில் இரத்தம் எடுத்துச் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். ஏனென்றால் கையின் நரம்பு வழியாக அயோடின் கலந்த மருந்து ஏற்றப்படும், அது சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். முன்பு இப்படிப்பட்ட மருந்து ஒவ்வாமல் போயிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். நாடித்துடிப்பு அறுபதுக்கு அருகில் வரும்படி ஒரு மாத்திரை கொடுப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இங்கேயும் வாய் திறந்து சொல்லவேண்டும். நாக்கின் அடியில் இன்னொரு மருந்து வைத்து இரத்தக்குழாய்களை விரியச் செய்வார்கள். நெஞ்சில் இ.சி.ஜி. கம்பிகள் ஒட்டப்படும். இருதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஓய்ந்திருக்கும் அந்தக் கணத்தைக் கருவி பார்த்துப் படம் பிடிக்கும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். மலையிலிருந்து முதல்முறை வருகிறவர் இதற்குப் பயந்து எழுந்துவிடாதபடி முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். பத்து வினாடியளவு மூச்சை அடக்கினால் போதும். எக்ஸ்ரே கதிர் உண்டு. நல்ல கருவியில் அது நாம் ஒன்றிரண்டு வருஷத்தில் பூமியிலிருந்தும் வானத்திலிருந்தும் இயல்பாகவே பெறும் அளவை ஒத்தது. காரணமில்லாமல் எடுக்க வேண்டாம் என்பதற்கு அதுவே போதும்.

மருந்து ஏற்றாமலே எடுக்கும் எளிய படம் ஒன்றும் உண்டு. அது கால்சியம் அளவு. இரத்தக்குழாயின் சுவரில் கொழுப்பு சேர்ந்து பழசானால் அதில் சுண்ணாம்புபோலக் கால்சியம் படியும். அமெரிக்காவில் அகாட்ஸ்டன் என்ற டாக்டரும் அவர் தோழர்களும் 1990-இல் அதற்கு எண் கொடுக்கும் முறையை வகுத்தார்கள். பூஜ்யம் என்றால் மிக நல்லது. நூறு தாண்டினால் மருந்து தொடங்குவதைப் பற்றித் தீவிரமாக யோசிக்கவேண்டும். நானூறு தாண்டினால் வியாதி மிகவும் பரவியிருக்கிறது. எசேக்கியேல் 36-ஆம் அதிகாரத்தின் கல்லான இருதயத்தை நம் பிரசங்கிமார் உடனே இங்கே கொண்டுவர ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்போம், பரிசுத்தவான்களின் இரத்தக்குழாயிலும் கால்சியம் படிகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். வயது குறைந்தவர்களுக்குக் கொழுப்பு இன்னும் கல்லாகாமல் மெத்தென்றிருக்கும், எண் பூஜ்யமாகவே வரும். நெஞ்சில் வலி உள்ள நாற்பது வயதுக்காரரிடம், "பூஜ்யம், போய்வாரும்" என்று சொல்லிவிடக் கூடாது.

மருந்து ஏற்றி எடுக்கும் படத்தின் சிறப்பு என்னவென்றால், அது குழாயின் உள்வழியை மாத்திரமல்ல, சுவரையும் காட்டுகிறது. கையிலோ தொடையிலோ கம்பி செலுத்திச் செய்யும் ஆஞ்சியோகிராம், இரத்தம் ஓடும் வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்று காட்டும். வழி இன்னும் குறுகாமல் சுவருக்குள் மாத்திரம் கொழுப்பு கட்டியிருந்தால் அதில் பெரும்பாலும் தெரியாது. மாரடைப்போ பலமுறை இப்படிப்பட்ட கட்டி வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் வருகிறது.

குணமாக்குவது படமா?

பங்காளர்கள் இந்தப் பகுதியை இரண்டுமுறை வாசிக்க வேண்டுகிறோம்.

ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. பாதிப்பேருக்கு வழக்கமான வைத்தியம். மற்றப் பாதிப்பேருக்கு அதோடு சி.டி. படமும். 2018-இல் ஐந்து வருஷ முடிவு வெளியானது. படம் எடுக்கப்பட்டவர்களில் மாரடைப்பு வந்தவர்களும் அதனால் மரித்தவர்களும் நூற்றுக்கு 2.3, எடுக்கப்படாதவர்களில் 3.9. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? படம் எடுத்த கூட்டத்தில் ஆபரேஷனும் ஸ்டென்ட்டும் ஏராளமாய்ப் பெருகிவிடவில்லை. வியாதி யாருக்கு இருக்கிறது என்று தெரிந்ததால் அவர்களுக்கு ஸ்டாட்டின், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அதிகமாய்த் தொடங்கப்பட்டன. தன் இரத்தக்குழாயில் வியாதி உண்டென்று அறிந்த மனிதர் மாத்திரையை விடாமல் விழுங்குகிறார், பீடியையும் விடப் பார்க்கிறார்.

2020-இல் வெளிவந்த இஸ்கிமியா என்ற ஆராய்ச்சியையும் சொல்லவேண்டும். 5,179 பேர். இருதயத்துக்கு இரத்தம் குறைவதாகச் சோதனையில் தெரிந்தும், வியாதி நிதானமாக இருந்தவர்கள். இவர்களில் ஒரு பங்கினருக்கு உடனே ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ், மற்றவர்களுக்கு முதலில் மருந்து. மரணத்தைக் குறைப்பதில் முதல் வகை மேலானதாய்க் காணப்படவில்லை, நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. அங்கேயும் சி.டி. படத்துக்கு ஒரு முக்கிய வேலை இருந்தது. இடது பக்கத்துத் தலைக்குழாயில் ஆபத்தான அடைப்பு உள்ளவர்களைக் கண்டுபிடித்து விலக்கவே அதைப் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து மாத்திரம் போதாது.

நம் விவசாயிக்கு இதை வைத்துப் பார்ப்போம். படத்தில் குழாய்கள் சுத்தமாயிருந்தால் வேறு காரணத்தைத் தேடலாம், அவர் பயமின்றி வீடு திரும்பலாம். கொழுப்பு கட்டியிருந்து வழி திறந்திருந்தால் மாத்திரைகள், புகையிலைக்கு முற்றுப்புள்ளி, இரத்தக் கொதிப்புக்குக் கடிவாளம். தலைக்குழாயில் அடைப்பு என்றாலும், மருந்துக்கு அடங்காத வலி என்றாலும், ஆஞ்சியோகிராம் செய்து அதற்குமேல் ஆகவேண்டியதைப் பார்ப்பார்கள். எந்த வழியிலும் மருந்து உண்டு. மாதாமாதம், ஆயுசு முழுவதும். அந்த மருந்து மூன்றாம் மாதம் நின்றுபோனால் படத்துக்குச் செலவழித்த காணிக்கை வீண்.

யாருக்கு இந்தப் படம் வேண்டாம்

நெஞ்சை யானை மிதிப்பதுபோல வலித்து, வேர்த்துக் கொட்டி, வலி விடாமல் நிற்கிறதா? அவருக்கு சி.டி. தேட வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி. எடுத்து மருந்து தொடங்கவேண்டும். தமிழக அரசு 2023 ஜூன் மாதம் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை முதல் வேளை அங்கேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, இ.சி.ஜி.யைத் தூரத்திலுள்ள டாக்டருக்கு அனுப்பி மாரடைப்பைக் கவனித்தால் என்ன ஆகும் என்பது நம் தமிழ்நாட்டிலேயே சோதிக்கப்பட்டது. 2,420 வியாதியஸ்தரைப் பற்றிய முடிவு 2017-இல் வெளியானது. ஒரு வருஷத்துக்குள் மரித்தவர்கள் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். இதைச் செய்தது சின்ன இ.சி.ஜி. பெட்டியும் நேரத்தோடு போன வண்டியும்.

மூச்சு வாங்கும் இளம் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது முதல் சோதனை அல்ல. அவர்களிடம் நாம் தேடுவது சிறுவயதுக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வை. அதற்கு ஸ்டெதாஸ்கோப்பும் எக்கோவும் போதும், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ரீவ் பெட்ஸ் 1949-இல் நெஞ்சு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1961-இல் அங்கே இருதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நம் தேசத்தில் அதற்கு முன்னோடி வேலை அது. அதில் தங்கள் காணிக்கையால் பங்கெடுத்த சபைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இதை வாசிக்கிறீர்கள்.

நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், குழாயெல்லாம் கால்சியம் இறுகியவர்கள், சிறிய ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆகியோருக்கும் படம் தெளிவாக வராமலோ அபாயமாகவோ போகலாம்.

உங்கள் கேள்விக்கு எங்கள் பதில்

மலைமேல் சி.டி. கருவி வேண்டாம் என்பதே எங்கள் தாழ்மையான எண்ணம். அது அறையில் வைத்து ஸ்விட்ச் போடும் பொருள் அல்ல. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். தடையில்லா மின்சாரம், குளிர்சாதனம், பயிற்சி பெற்ற டெக்னீஷியன், படத்தை வாசிக்கத் தெரிந்த டாக்டர், வருஷாவருஷம் பராமரிப்புக் கட்டணம், இவை எல்லாம் வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் நாள்கணக்கில் திரும்பாத ஊர்களும் இங்கே உண்டு. பழுதாகித் துணி மூடிக் கிடக்கும் ஒரு கருவியில் கொடுத்தவரின் பெயர் பித்தளைப் பலகையில் மின்னுவதைப் பார்க்க எங்களுக்கு மனமில்லை.

அதற்குப் பதிலாக, மலைக்காரர் படத்தினிடத்துக்குப் போய்வர உதவுங்கள். கீழே இறங்கும் நாளில் அவருக்குக் கூலி இல்லை, துணைக்கு வருகிற மனைவிக்கும் கூலி இல்லை. பஸ் கட்டணம், சாப்பாடு, தேவையானால் ஓரிரவு தங்கல். எதற்குப் போகிறோம் என்று தெரியாததால் பாதி வழியில் திரும்புகிறவர்கள் உண்டு, ஆகவே கூடவே போய்ப் பேசுகிற ஒருவரும் வேண்டும். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு. ஆனால் அட்டை இல்லாதவருக்கு அட்டை எடுத்துக்கொடுக்க யாராவது நடக்கவேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து, மாத்திரையை நிறுத்திவிட்டவர்களின் பட்டியலை ஊர் ஊராய்ச் சரிபார்க்க எங்கள் நர்சுகளுக்கு நேரமும் வண்டியும் தேவை. இரத்தக் கொதிப்பு அளக்கும் கருவி பழுதில்லாமல் ஊருக்கு ஒன்று இருந்தால் அதுவே பெரிய தொடக்கம்.

சேர்த்துவைத்த காணிக்கையை இந்தச் செலவுகளுக்குத் திருப்ப விரும்பும் சபைகள், காணிக்கைச் சீட்டில் 'மலை இருதய ஊழியம்' என்று எழுதி அனுப்பவும். வேறு எந்த நோக்கத்துக்காகச் சேர்த்திருந்தாலும் முதலில் உங்கள் கமிட்டியின் சம்மதம் பெற்று எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். மார்கழிக்கு முந்தின மழை மாதங்களில் வளைவுகளில் மண் சரிந்து வழி அடைபடுவது உண்டு. ஸ்கேனுக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் அந்த நாளிலே பத்திரமாய் இறங்கி ஏற ஜெபித்துக்கொள்ளுங்கள்.